மனசுல அஞ்சு

என் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் "பதினேழு" என்பார். சோறு வேண்டுமென்றாலும் பதினேழு. மின்விசிறியைக் குறைக்க வேண்டுமென்றாலும் அதேதான். எது என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். தம்ளரைத் தூக்கிக் காட்டுவேன், பேசாமல் இருப்பார். தட்டைக் காட்டுவேன், அதற்கும் அப்படியே. கடைசியில் விசிறி சுவிட்சில் கை வைத்ததும் கண்ணை மூடித் திறப்பார். இப்படி ஒரு நாளைக்கு இருபது முறை. எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. சில நாள் அந்தப் பதினேழு காதில் விழுந்ததுமே அழுகை வந்துவிடும்.

வாதம் அடித்து எட்டு மாதம் ஆகிறது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே காலையில் போயின. கால் மட்டும் கொஞ்சம் திரும்பி வந்தது. கோலை ஊன்றிக் கழிவறை வரை நடப்பார். பேச்சில் மிஞ்சியது வாய்ப்பாடு ஒன்றுதான். பதினேழாம் வாய்ப்பாட்டை நான் எடுத்துக் கொடுத்தால் பதினாறு பதினேழு இருநூற்று எழுபத்திரண்டு வரை தடங்கலே இல்லாமல் ஓடும். அது முடிந்ததும் என் பெயரைச் சொல்லச் சொன்னால் வாய் கோணும், வியர்க்கும், பதினேழு என்பார். முப்பது வருடம் கூட இருந்தவளின் பெயரைவிட வாய்ப்பாடு கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதில் கோபப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் வந்தது.

நாங்கள் இருப்பது திருப்போரூரில். காலை ஆறரைக்கெல்லாம் நெம்மேலி வழியாக ஷேர் ஆட்டோ பிடித்து, மாமல்லபுரம் சாலையில் ஒரு விடுதிக்குப் போகிறேன். படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை. கடலுக்குப் பக்கத்தில்தான் அந்த அறை, ஜன்னல் மட்டும் கிடையாது. ஒரு மணிக்கு வீடு திரும்புவேன். அதுவரை பக்கத்து வீட்டு அக்கா அவரை எட்டிப் பார்த்துக்கொள்வார். ஒரே மகள் கல்யாணமாகி ஊரப்பாக்கத்தில் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவுக்கு முகச்சவரம் செய்துவிட்டுப் போவாள்.

அவர் செய்துகொண்டிருந்தது மனை அளக்கும் வேலை. எங்கள் பக்கம் வயல்கள் எல்லாம் வரிசையாக மனைகளான காலம் அது. ஒருவர் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு முள்வேலி வரை போவார், இவர் இந்த முனையில் நிற்பார். நீளம் முப்பத்தெட்டு, அகலம் அறுபத்து மூன்று என்று குரல் வரும். மனை பார்க்க வந்தவர்கள் செல்போனை எடுத்து கால்குலேட்டரைத் தேடுவதற்குள் இவர், "ரெண்டாயிரத்து முன்னூத்தித் தொண்ணூத்தி நாலு சதுரடி. கிரவுண்டுக்கு ஆறடி கொறச்சல்" என்று சொல்லிவிட்டு அடுத்த மனைக்கு நடந்துவிடுவார். கிரவுண்டு என்றால் இரண்டாயிரத்து நானூறு சதுரடி. அவர் தலைக்குள் எல்லா எண்ணும் அந்த இரண்டாயிரத்து நானூற்றுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

கல்யாணமான புதிதில் அதை எப்படிச் செய்கிறார் என்று கேட்டிருக்கிறேன். "முப்பத்தெட்ட யாராவது பெருக்குவாங்களா? நாப்பதால பெருக்கு, ரெண்டு பங்க திருப்பிக் குடுத்துடு" என்றார். நாற்பது அறுபத்து மூன்று இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது, அதில் நூற்று இருபத்தாறு போனால் விடை. நூறுக்குப் பக்கத்து எண்களுக்கு வேறு வழி வைத்திருந்தார். தொண்ணூற்றேழு, தொண்ணூற்று நாலு. ஒன்றில் மூன்று குறைகிறது, இன்னொன்றில் ஆறு. தொண்ணூற்றேழில் அந்த ஆறு போனால் தொண்ணூற்று ஒன்று, மூவாறு பதினெட்டு. ஒன்பதாயிரத்து நூற்றுப் பதினெட்டு. பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரில் போகிற வண்டிகளின் எண்களை இரண்டிரண்டாக உடைத்துப் பெருக்கிக்கொண்டே நிற்பார். பஸ் வந்து போய்விடும். நான் சிரிப்பேன். அப்போதெல்லாம் சிரித்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பதினான்கு வருடத்துக்கு முன்பு எனக்கு அங்கன்வாடி வேலைக்கு நேர்காணல் வந்தது. செங்கல்பட்டில் ஒரு அரசு அலுவலகத்தில், காலை பத்து மணிக்கு. நான் பன்னிரண்டாவது முடித்தவள். மகள் வளர்ந்து ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். குழந்தைகளோடு இருக்கிற வேலை, வீட்டுக்குப் பக்கத்தில், மரியாதையான வேலை. அந்த வேலைக்கு நான் ஆசைப்பட்ட மாதிரி வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை. அசல் சான்றிதழ்களை எல்லாம் அவர்தான் முதல் நாள் ஜெராக்ஸ் எடுக்க வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில் ஒரு லேஅவுட்டில் அரை மணி நேர வேலை இருக்கிறது, முடித்துவிட்டு நேராகச் செங்கல்பட்டுக்கு வந்துவிடுகிறேன், நீ முன்னால் போய் வரிசையில் நில் என்றார். ஃபைல் அவர் பையிலேயே இருந்தது.

பத்து மணிக்கு நான் நின்றேன். பதினொன்றுக்கும் நின்றேன். என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். அசல் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாதம்மா என்று அங்கே இருந்தவர் சொன்னார், அவர் மேல் தப்பில்லை. பன்னிரண்டரைக்கு இவர் வந்தார். சட்டை நனைந்திருந்தது. "பஸ் பிரேக்டவுன் ஆயிடுச்சு, நடந்தே வந்தேன்" என்றார். நான் நம்பினேன். பாவம், வெயிலில் நடந்து வந்திருக்கிறார் என்று என் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

உண்மை மூன்று வருடம் கழித்து ஒரு காதுகுத்து வீட்டில் தெரிந்தது. பந்தியில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து இலை. எதிரில் அவரோடு டேப் பிடிக்கிற ஆள். நல்ல மனிதர், வாய் நிறையப் பேசுவார். சாம்பார் விழும்போது அவர் என்னைப் பார்த்து, "அண்ணாத்தைய நீ சாதாரணமா நெனைக்காத அக்கா. ஒரு நாள் சைட்ல இன்ஜினீயரு ஒத்தரு வந்தாரு. நாலு நம்பரு நாலு நம்பரா குடுத்துகினே கீறாரு, அண்ணன் பெருக்கி சொல்லிகினே கீறாரு. டீ மேல டீ. ஊரே கூடிடுச்சு. பதினோரு மணி ஆயிடுச்சுன்னா பாத்துக்கோ" என்றார். பிறகு, "அன்னிக்குத்தான் உனுக்கு இன்னாமோ ஆபீஸ்ல வேலன்னு கடசில துண்டக் காணோம் துணியக் காணோம்னு ஓடனாரு" என்றார்.

என் வீட்டுக்காரரின் கை இலையில் அப்படியே நின்றது. நான் அவரைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்தேன். பிறகு அது சோற்றைப் பிசைந்தது. நானும் சாப்பிட்டேன். பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தோம். அன்று அவர் பேசுவார் என்று காத்திருந்தேன். மறுநாள் பேசுவார் என்று இருந்தேன். பிறகு வாரம், மாதம், வருடம் ஆனது. நானாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று ஒரு வீம்பு. அன்றிலிருந்து அவர் எந்த விடையைச் சொன்னாலும் நான் "உம்" கொட்டுவதில்லை. அவரும் வீட்டுக்குள் பெருக்குவதை நிறுத்திவிட்டார். மற்றபடி நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். மகளுக்குக் கல்யாணம் செய்தோம், ஓட்டு வீட்டுக்குத் தளம் போட்டோம். அந்த ஒரு விஷயம் மட்டும் சொல்லாமலே கிடந்தது. ஒரு நாள் சொல்லிவிடுவார் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அதற்குள் வாதம் வந்து வாயை அடைத்துவிட்டது.

மாதம் இரண்டு முறை அவரைப் பேச்சுப் பயிற்சிக்காகச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போகிறேன். பயிற்சி தரும் பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. ஆனால் பொறுமை அதிகம். "அம்மா, அவருக்கு வார்த்தை எல்லாம் உள்ளேதான் இருக்கு. வெளிய வர்ற வழிதான் அடைஞ்சிருக்கு. நீங்க பாதி சொல்லி நிறுத்துங்க, மீதிய அவரே முடிக்கட்டும்" என்றாள். வீட்டில் முயன்றேன். "கதவச் சாத்து" என்பதில் "கதவ" வரை சொல்லிவிட்டு நிற்பேன். பதினேழு. "காபி குடி" என்பதில் "காபி" வரை சொல்வேன். பதினேழு. மூன்று வாரம் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அடுத்த முறை போனபோது அந்தப் பெண்ணிடம், எனக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டேன். அவள், அவருக்கு எது ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டாள். சொல்ல எனக்கு மனமில்லை. சொன்னேன்.

ஆக, பதினோரு வருடமாகக் காதை மூடிக்கொண்டிருந்த நான் ஐம்பது வயதுக்கு மேல் பெருக்கல் போட உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு அவரைச் சாய்த்து உட்காரவைத்து, எதிரில் ஸ்டூல் போட்டுக்கொள்வேன். முதல் நாள் நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு எடுத்தேன். அவர் வழியிலேயே போகலாம் என்று துணிந்து, "ஐம்பது ஐம்பது ரெண்டாயிரத்து ஐந்நூறு. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. ஈரெண்டு நாலு. ரெண்டாயிரத்து ஐந்நூத்தி நாலு" என்றேன். அவர் இடது கையால் கட்டிலை அறைந்தார். கழிக்க வேண்டிய நாலை நான் கூட்டியிருக்கிறேன். முகமெல்லாம் சிவந்து இன்னும் ஒரு முறை அறைந்தார். அத்தனை மாதத்தில் மருந்து கசந்தபோது கோபப்படாத மனிதர், படுக்கையில் நனைந்து கிடந்தபோது கோபப்படாத மனிதர், நாலுக்காகக் கோபப்பட்டார். "எனுக்கு ஒங்க கணக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழக்கூடச் சோம்பலாக இருந்தது. பிறகு அரிசி களைந்தேன்.

மறுநாள் அவருடைய குறுக்கு வழிகளை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்து வழியில் போட்டேன். எல்லோருக்கும் தெரிந்த வழி. வலது பக்கத்திலிருந்து பெருக்கி, ஒன்றாம் இலக்கத்தை எழுதி, பத்தை மனசில் வைத்துக்கொள்வது. அவருக்கு அது பிடிக்காது, மாட்டு வண்டி என்பார் அந்தக் காலத்தில். "அறுபத்தெட்டு, நாப்பத்தேழு. ஏழெட்டு அம்பத்தாறு. ஆற எழுதி, மனசுல..." என்று நிறுத்தினேன்.

"அஞ்சு" என்றார்.

வாய்ப்பாட்டில் ஓடி வருகிற ஐந்து இல்லை. தனியாக, வேண்டிய இடத்தில், தெளிவாக வந்தது. நான் அடுத்த வரியைப் பெருக்கி, மறுபடி "மனசுல" என்று நிறுத்தினேன். "மூணு" என்றார். அதுவும் சரி. பயிற்சிப் பெண்ணிடம் போனில் சொன்னதும் அவளுக்கு என்னைவிடச் சந்தோஷம். "அம்மா, இதுதான் வழி. விட்டுடாதீங்க. 'மனசுல'ங்கறதையும் ஒரு நாள் அவரே சொல்லட்டும், நீங்க அவசரப்படாதீங்க" என்றாள். அன்றிலிருந்து தினமும் பெருக்கினோம். ஒரு நாள் நாலு கணக்கு, உடம்பு ஒத்துழைக்காத நாள் ஒன்று. எனக்குச் சோர்வு குறைந்துவிடவில்லை. விரிப்பு மடிக்கும்போதுகூட ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வாய் முணுமுணுக்கும், கூட வேலை செய்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

போன மாதம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கான முகாம் நடந்தது. அதே செங்கல்பட்டு, அதே அலுவலக வளாகம். எனக்கு அது பஸ்ஸிலேயே தெரியும். அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. மகள் கார் பிடித்துத் தருகிறேன் என்றாள், நான்தான் வேண்டாமென்று பஸ்ஸில் கூட்டிப் போனேன். இறங்கி உள்ளே போனதும் ஒரு சக்கர நாற்காலி கிடைத்தது. டோக்கன் வாங்கி, அவரை வரிசையில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டிடத்துக்குப் புதிதாக வர்ணம் அடித்திருந்தார்கள். நான் அன்று சாய்ந்து நின்ற தூணுக்கும் அடித்திருந்தார்கள். என் மடியில் அவருடைய சான்றிதழ்கள், ஸ்கேன், ஜெராக்ஸ் எல்லாம் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒரு அம்மா, தன் தம்பியைக் கூட்டி வந்திருந்தார். அனுபவசாலி. "பேச்சு வரலன்னே சொல்லு. கொஞ்சம் வருதுன்னு சொன்னா பர்சன்டேஜ் கொறச்சுடுவாங்கோ. அப்பறம் உதவித்தொக ஒண்ணும் கெடைக்காது" என்று என் காதருகே சொன்னார். பேச்சு வரவில்லைதானே, பொய் ஒன்றும் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்கு முன்னால் இருபது பேராவது இருப்பார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கட்டிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தைத் திருப்பிப் படிக்கட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், பிறகு என் மடியில் இருந்த உறையைப் பார்த்தார். அவருக்கு மூச்சு வேகமாக வந்தது. மயக்கம் ஏதாவது வந்துவிடப் போகிறதென்று பயந்து, வழக்கம்போல ஒரு கணக்கை எடுத்தேன். "இங்க பாருங்க. அறுபத்தெட்டு, நாப்பத்தேழு. ஏழெட்டு அம்பத்தாறு. ஆற எழுதி..." என்று ஆரம்பித்தேன். உள்ளே யாருடைய டோக்கனையோ கூப்பிட்டார்கள், எங்கள் எண்ணா என்று கேட்க நிறுத்தினேன்.

"மனசுல" என்றார் அவர்.

அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை, வாதம் வந்த பிறகு. அது எண் இல்லை, நிஜமான வார்த்தை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆமா, மனசுல அஞ்சு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று.

நான் குழம்பிப்போய் மறுபடி பெருக்கிப் பார்த்தேன். ஏழெட்டு ஐம்பத்தாறுதான். மனசில் ஐந்துதான். "அஞ்சுதான?" என்றேன். மறுபடி இல்லை என்று ஆட்டினார். இடது கையை நீட்டி என் மடியில் இருந்த உறையின் மேல் வைத்தார். "மனசுல... வெ... மனசுல..." என்றார். உதடு கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. அதற்கு மேல் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் அவருக்குக் கை இல்லை, இருந்த ஒரு கையை உறையிலிருந்து எடுக்க மாட்டேன் என்றார்.

மனசுல வெச்சுக்காத. அவர் சொல்ல வந்தது அதுதான். ஏழெட்டு ஐம்பத்தாறில் ஐந்தைத் தப்பவிடுகிற மனிதர் இல்லை அவர்.

இந்த வார்த்தைக்கு எல்லோரும் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது. அதெல்லாம் ஒன்றுமில்லை, நான் அன்றே மறந்துவிட்டேன் என்று சொல்வார்கள். நோயாளியிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும். எனக்கு வரவில்லை. அவர் இவ்வளவு பாடுபட்டுப் பாதி வார்த்தையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்திருக்கும்போது பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வெச்சுனுதான் கீறேன்" என்றேன். "இத்தினி வருசமா வெச்சுனுதான் கீறேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தார். தெரியும் என்றுதான் அதற்கு அர்த்தம். நான் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தேன். பக்கத்து அம்மா ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. எனக்கு மிகவும் களைப்பாக இருந்தது. ஆனால் அந்தக் களைப்பு விடுதியில் வருகிற களைப்பு இல்லை. எங்கோ ரொம்ப தூரம் நடந்து வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பதினொன்றரைக்கு எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். டாக்டர் நடுத்தர வயதுக்காரர், அவருக்கும் காலையிலிருந்து ஓய்வில்லை போலிருந்தது. காகிதங்களைப் புரட்டினார், கையைத் தூக்கச் சொன்னார், காலை மடக்கிப் பார்த்தார், ஒவ்வொன்றாக எழுதினார். பிறகு நிமிராமலே, "பேச்சு வருதாம்மா?" என்று கேட்டார்.

வாசலில் நின்றிருந்த அந்த அம்மா என்னைப் பார்த்து வேண்டாம் என்று கையை ஆட்டுவது தெரிந்தது.

"வருது டாக்டர்" என்றேன். "லேட்டாதான் வருது."